பந்து அண்ணாச்சியின் பம்பு

போர்ட் பிளேரில் காற்றுக்கு என்றுமே பஞ்சமில்லை. இருந்தும் அந்தக் காற்றை நம் வாயாலேயே ஊத வைத்து, நமக்கே விற்ற ஒரே மனிதர் பந்து அண்ணாச்சி.

ஷாதிபூரில் தகரக் கூரை போட்ட ஒரு பழைய மார்க்கெட் கொட்டகை இருந்தது. புதுக் கடைத்தெரு வந்ததும் பாதிக் கடைகள் பூட்டிக்கொண்டன. மிச்சம் இருந்தது ஒரு வங்காளி மிட்டாய்க்காரர், ஒரு டீக்கடை, குழந்தைச் சட்டை தைக்கும் நான், பிறகு ஈக்கள். கூடிய சீக்கிரம் கப்பலில் சிமெண்ட் வருகிறது, கொட்டகையைக் கோடவுன் ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு. கைக்குழந்தையையும் தையல் மிஷினையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. தூங்காததால் குழந்தைக்குப் பால் குறையுமோ என்று அது வேறு கவலை.

அந்த நேரம் பார்த்து, பக்கத்துக் கடையைப் பிடித்தார் தூத்துக்குடிக்காரர் ஒருவர். தூண்டில், கித்தான் கூடாரம், வலை ஊஞ்சல், கால்பந்து. "மூடப் போற மார்க்கெட்டுல கடையா அண்ணாச்சி?" என்றேன்.

"மூடுததுக்கு முன்னால ஒரு ஆட்டம் ஆடிப் பாப்போம் தங்கச்சி" என்றார்.

எதையும் பரீட்சை பார்க்காமல் விற்கமாட்டார். கூடாரம் கேட்டு வந்தவரை அதற்குள் படுக்கச் சொல்வார். ஒரு பஞ்சாபி டிரைவர் குறட்டையே விட்டுவிட்டார். வலை ஊஞ்சலைப் பரீட்சை பார்க்கும் வேலை என் கைக்குழந்தைக்கு. வலை அறுந்து விழுந்துவிடுவானோ என்று நான் கீழே தலையணை போட்டு வைத்தேன்.

முதல் சரக்கிலேயே வில்லங்கம். பந்துகள் வந்தன, பம்பு வரவில்லை. அடுத்த கப்பலில்தான் வருமாம். அந்தப் பந்துக்குள் ஒரு ரப்பர் பை இருக்கும். அதன் குழாய் வழியே காற்றடித்து, நூலால் கட்டி, உள்ளே திணித்து லேஸ் போட வேண்டும். வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். இவர் வாசலில் ஸ்டூலைப் போட்டு, "மூச்சு உள்ளவன் வரலாம்!" என்று தமிழிலும் உடைந்த இந்தியிலும் கூவினார். யார் ஒரே ஆளாக ஊதி முடிக்கிறாரோ, அவருக்குத்தான் முதல் உதை.

மறுநாள் கூட்டம் தாங்கவில்லை. மின்னி பே பக்கமிருந்து ஒரு கோஷ்டி, ஷாதிபூர்க் கோஷ்டி எதிரே. "ஜோர் ஸே, தாதா, ஜோர் ஸே!" என்று, பலமாக ஊதச் சொல்லி இரு பக்கமும் கத்தல். மிட்டாய்க்காரரின் கன்னம் அவருடைய ரசகுல்லா மாதிரியே உப்பியது. ஒரே குழாயில் எத்தனை வாய்! எனக்குப் பொறுக்கவில்லை. வெந்நீரும் துணியுமாக நின்று, ஒவ்வொருவரும் ஊதியதும் துடைத்தேன்.

"பாத்தியளா, நம்ம மார்க்கெட்டுல ஆஸ்பத்திரியும் இருக்கு!" என்றார் அண்ணாச்சி.

அவர் மட்டும் ஊதவே மாட்டார். மூச்சிரைப்புக்காரர். "வியாபாரி வாயி பேசுததுக்கு மட்டுந்தான்" என்பார்.

ஊதியவனுக்கு டீ வேண்டும், ஜெயித்தவனுக்கு மிட்டாய் வேண்டும். இரண்டு கோஷ்டிக்கும் கலர் பனியன் வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். பூட்டிய கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

கப்பல் வந்தது. சிமெண்டும் வந்தது, பம்பும் வந்தது. அண்ணாச்சி பம்பை என் மேஜைமேல் பனியன் குவியலுக்கு அடியில் செருகினார்.

"தங்கச்சி, இதைக் கண்டியளா?"

"கண்டேனே..."

"காணலன்னு வச்சிக்கிடுங்க."

பொய் சொல்லத் தெரியாத என்னிடமா இதைத் தர வேண்டும்? அன்று மத்தியானமே கொட்டகையை அளக்க, அளவு நாடா ஆட்களோடு ஓர் அதிகாரி வந்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, "வாயால் ஏன் ஊதுகிறார்கள்? பம்பு இல்லையா?" என்று நேராக என்னைக் கேட்டார். நான் குழந்தையைத் தூக்கிப் பனியன் குவியல்மேல் படுக்க வைத்தேன்.

"மெதுவா சார், குழந்தை தூங்குறான்."

அதற்குள் அண்ணாச்சி அவர் கையில் குழாயைக் கொடுத்துவிட்டார். "சாப், ஒரே ஒரு ஊது!" கூட்டம் கத்தியது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். ஊதினார், சிவந்தார், விடவில்லை. பந்து நிறைந்தது. அவர் உதைத்த உதையில் தகரக் கூரை அதிர்ந்தது. நாடா ஆட்கள், "சாப், அளக்கலாமா?" என்றார்கள். பதில் சொல்ல அவரிடம் மூச்சு இல்லை. 'போங்கள்' என்று கையை மட்டும் ஆட்டினார். சிமெண்ட் வேறு எங்கோ இறங்கியது.

அதன்பின் சில வருஷம் ஓடியது. போன வருஷம் என் கணவருக்கு மெயின்லாண்டுக்கு மாற்றல். கப்பல் ஏறும் ஜெட்டிக்கு அண்ணாச்சி ஒரு பந்தோடு வந்தார். கிண்ணென்று இருந்தது.

"கடைசியில் பம்பை எடுத்துட்டீங்களா அண்ணாச்சி?"

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இரைத்து இரைத்துச் சிரித்தார்.

இப்போது பந்து காற்றுக் குறைந்து சப்பையாகிவிட்டது. "பம்பு வாங்கிக் காத்தடிச்சுக் குடும்மா" என்று மகன் தினம் நச்சரிக்கிறான். நாளைக்கு, நாளைக்கு என்கிறேன். அவர் தன் வாயாலேயே ஊதிக் கட்டிய அந்த நூல் முடிச்சை அவிழ்க்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.