சட்டைதான் போச்சு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள், அக்கா, மாடுகள், டிராக்டர் எல்லோரும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். இங்கே தங்கள் மருமகளான என் மகள் மட்டும் இடது கையில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள்.

பதினாறு வயதுப் பெண் லீவு முழுக்க செல்போனைத் தேய்ப்பதற்குப் பதிலாக என் தக்காளித் தோட்டத்துக்கு வரட்டும், நல்ல காற்று, உடம்புக்கும் நல்லது என்று சொன்னது தாங்கள். நம்பியது நான். நான்காம் நாளே வெயிலில் மயங்கி விழுந்தாள். தண்ணீர் டிரம் தோட்டத்தின் அந்தக் கோடியில் இருக்கிறதாம், குடித்துவிட்டு வந்தால் "எங்க ஊர் சுத்தப் போன?" என்று மேஸ்திரி கேட்பாராம். அதற்குப் பயந்து, அவளோடு சேர்த்துப் பறிக்க வந்த ஆறு பிள்ளைகளும் தாகத்தை அடக்கிக்கொண்டே பறிக்கிறார்களாம். விழுந்தவளைப் பார்த்து அந்த மனுஷன், "காலைல சாப்பிடாம வந்திருப்பா" என்றாராம். அக்கா கையால் மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனவள் ஐயா அவள்!

அதோடு விட்டதா? மறுவாரம் கண் சிவந்து, கையெல்லாம் தடித்துவிட்டது. காலையில் பூச்சிமருந்து அடித்த பாத்தியில் மத்தியானமே பிள்ளைகளை இறக்கியிருக்கிறீர்கள். கேட்டால், "சோப்பு போட்டுக் கழுவினா சரியாயிடும் மாப்ளே" என்கிறீர்கள். அது கிடக்கட்டும், தண்ணீர் மொண்டு குடிக்கிற டப்பாவில் மண்டையோடு படம் இருக்கிறதே என்றேன். "நாலு தரம் கழுவியாச்சு மாப்ளே, படம்தான் போக மாட்டேங்குது!" மச்சான், போகக் கூடாது என்றுதானே அச்சடித்திருக்கிறான்!

இப்போது டிராக்டர். அதன் பின்னால் சுற்றுகிற இரும்புத் தண்டுக்கு ஒரு மூடி உண்டாம். கிரீஸ் வைக்க இடைஞ்சல் என்று தாங்கள் கழற்றிப் போட்டுவிட்டீர்களாம். கூடை எடுக்கக் குனிந்தவளின் இடது சட்டைக் கையை அந்தத் தண்டு பிடித்துச் சுருட்டிவிட்டது. அவள் போட்டிருந்தது என் பழைய சட்டை. தூக்கி எறியுங்கள் என்று உங்கள் தங்கை ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நைந்து கிடந்ததால் தோளோடு கிழிந்துகொண்டு போய், கையில் தோல் உரிந்ததோடு தப்பித்தாள். புதுச் சட்டையாக இருந்திருந்தால்... எனக்கு எழுத வரவில்லை. தாங்களோ போனில், "பயப்படாதீங்க மாப்ளே, சட்டைதான் போச்சு" என்றீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் போனாக இருந்ததால் அது சுவரில் மோதாமல் தப்பித்தது.

ஆகவே இதுதான் முடிவு. என் பெண் இனி உங்கள் தோட்டத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள். தாங்களே வந்து வாசலில் நின்றாலும் அனுப்ப மாட்டேன்.

அக்காவுக்கு என் அன்பு. மேஸ்திரிக்கு ஒன்றும் இல்லை. தாங்கள் டிராக்டரிலிருந்து நாலடி தள்ளி நின்று நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் மகள் படித்துவிட்டாள். "நான் போகத்தான்பா போறேன்" என்கிறாள். உனக்கென்ன பைத்தியமா என்று கத்தினேன். "நான் போகலேன்னா மத்த அஞ்சு பேரும் அந்தத் தண்டு பக்கத்துலதானே நிப்பாங்க? சின்னவளுக்குப் பதிமூணுதான்பா ஆகுது" என்றாள். ஐந்து பேருக்கும் போன் செய்து பேசி முடித்துவிட்டாள். மூடி மாட்டுகிற வரைக்கும் ஒருத்தரும் பாத்தியில் கால் வைக்க மாட்டார்களாம், வரப்பிலேயே உட்கார்ந்திருப்பார்களாம். ஆகவே மேலே எழுதியதில் 'அனுப்ப மாட்டேன்' என்பதை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறோம். வரப்பில் ஏழாவது ஆளாக என்னையும் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.