ஒன்பது டிகிரி வெள்ளைச்சாமி

பந்தை ஒருமுறைகூட அடிக்காமல் ஒருவர் கோல்ஃப் வீரர் ஆகிவிட முடியுமா? பக்கத்து குவார்ட்டர்ஸ் சண்முகப்ரியா அக்கா போன வருஷம் இப்படிக் கேட்டபோது நான் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். ப்ளஸ் டூவில் அந்தப் பாடம் கிடையாது.

தளவாட ஞானி என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் பழக்கமானவர்தான். நடைப்பயிற்சிக்கு எந்த ஷூ நல்லது என்று மழைக்காலம் முழுக்க ஆராய்வார், குதிகாலின் உயரம் பற்றி நம்மை நிற்கவைத்து வகுப்பெடுப்பார், தன் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து கடைக்குக் கொண்டுபோவார், வாங்கிய ஷூவைப் புது வாசனை போகாமல் பெட்டியிலேயே வைத்திருப்பார். நடக்க மாட்டார். கேட்டால், "சாக்ஸ் இன்னும் சரியா அமையலை" என்பார்.

இந்த இனத்துக்கு எங்கள் பிளாக்கின் பெருமை வெள்ளைச்சாமி. சண்முகப்ரியாவின் அப்பா, தேனிப் பக்கத்துக்காரர், சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் அதிகாரி.

அவரை கோல்ஃப் பிடித்த கதை இப்படி. சென்னையில் வேலை பார்க்கும் மகள், கூட வேலை பார்க்கும் அஸ்வினைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள். வெள்ளைச்சாமிக்குச் சம்மதம். ஆனால் அஸ்வினின் அப்பா சிவக்குமார், கோயம்புத்தூர்க்காரர், ஒரு கொக்கி போட்டார். "ஆளோட குணம் கோல்ஃப் மைதானத்துலதானுங்க தெரியும். பொண்ணோட அப்பாவோட ஒரு ஆட்டம் ஆடிட்டு அப்புறம் பேசலாமுங்க."

"அதுக்கென்ன சார், நானும் ஆடுறவன்தான்" என்றார் வெள்ளைச்சாமி. அதுவரை அவர் கோல்ஃப் மட்டையைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருந்தார்.

அன்றிலிருந்து ஆடப் பழகினாரா? அதென்ன கேள்வி. மட்டை தேர்ந்தெடுக்கத் தொடங்கினார். கோல்ஃபில் முதல் அடி அடிப்பதற்கென்று பெரிய தலையோடு ஒரு நீள மட்டை உண்டு, அதன் பெயர் டிரைவர். அதன் முகம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பது லாஃப்ட். தண்டின் பெயர் ஷாஃப்ட். கை மெதுவாக வீசுகிறவருக்கு வளைந்து கொடுக்கும் ரெகுலர், வேகமாக வீசுகிறவருக்கு விறைத்து நிற்கும் ஸ்டிஃப். இதைக் கற்றுக்கொள்ள அவர் பார்த்த வீடியோக்களைக் கொண்டு ஒரு கல்லூரியே நடத்தலாம். ஒட்டடைக் கம்பை எடுத்து ஹாலில் வீசிப் பார்த்து, ஃபேனின் ஒரு இறக்கையை வளைத்து, தன் கைவேகம் அபாரமானது என்ற முடிவுக்கு வந்தார்.

உடன் வேலை பார்க்கும் கொளஞ்சிநாதன் கேட்டார்: "என்னா சார், இன்னும் பாத்துக்கினே இருக்கீங்களா? ஒண்ண வாங்கித் தட்ட வேண்டியதுதான?"

"லாஃப்ட் ஒன்பதா பத்தரையான்னு தெரியாம எப்படிய்யா வாங்குறது? கூடுதல் சாய்வுன்னா பந்து சுலபமா எழும்பும். அதெல்லாம் வயசானவங்களுக்கு. நமக்கு ஒன்பதுதான். ஷாஃப்ட் ஸ்டிஃப்."

"நம்ம பெல்ட்ல ஷாஃப்ட் வளைஞ்சா மெமோ குடுக்கறாங்க. நீங்க வளையிற ஷாஃப்ட்டு, வளையாத ஷாஃப்ட்டுன்னு தேடிக்கினு கிடக்கறீங்க."

ஒன்பது டிகிரி, ஸ்டிஃப் ஷாஃப்ட் டிரைவர் ஒருவழியாக வந்து இறங்கியது. அதை சோபாவில் சாய்த்து வைத்து, தள்ளி நின்று ரசித்தார்.

"ஒரு பந்தாவது அடிங்கப்பா" என்றாள் லீவில் வந்திருந்த சண்முகப்ரியா. "ஞாயித்துக்கிழமை அவங்க வர்றாங்க. சொதப்பினா என் கல்யாணம் போச்சு."

"கைப்பிடி உறை இன்னும் வரலம்மா. அது இல்லாம அடிச்சா பழக்கமே கெட்டுரும்."

இதற்கிடையில் ஒரு காரியம் நடந்தது. வெள்ளைச்சாமி குளித்துக்கொண்டிருந்தபோது சிவக்குமார் போன் செய்தார். எடுத்தவர் பேச்சியம்மாள், வெள்ளைச்சாமியின் மனைவி.

"சார் என்ன லாஃப்ட்டுங்க வெச்சிருக்காரு?"

குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்களுக்கு லாஃப்ட் என்றால் ஒன்றுதான்: பொங்கல் பானையும் பழைய சூட்கேஸும் ஏற்றி வைக்கிற பரண். சம்பந்தி வீட்டார் வீட்டை விசாரிக்கிறார்கள் போல என்று நினைத்த பேச்சியம்மாள் கண்ணாலேயே அடிக்கணக்கு போட்டார். "பத்தரை இருக்கும்ங்க."

"அட. ஷாஃப்ட்டுங்க?"

அது அவர் காதில் ஷிஃப்ட் என்று விழுந்தது. "அந்தக் கஷ்டமெல்லாம் எதுக்குங்க இந்த வயசுல? இப்ப ரெகுலர்தான்."

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் சிவக்குமார் வெள்ளைச்சாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க வீட்டம்மா எல்லாஞ் சொன்னாங்க. பத்தரை, ரெகுலர். எனக்கு மனசு நெறஞ்சு போச்சுங்க. நம்ம வயசுல அவனவன் வீம்புக்கு ஒன்பது, ஸ்டிஃப்னு வாங்கிட்டு பந்தைத் தரையில உருட்டறான். அந்த மாதிரி ஆளுகளோட நமக்குச் சம்பந்தமே வேண்டாமுங்க. எங்க, மட்டையை எடுங்க பார்க்கலாம்."

 வெள்ளைச்சாமி திரும்பி மனைவியைப் பார்த்தார். அவர் பெருமையாகத் தலையசைத்தார். மகளைப் பார்த்தார். அவள் மட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து டிரைவரை உருவி, அதன் அடியில் பொறித்திருந்த ஒன்பதைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு நீட்டினார். சிவக்குமாரும் தன்னுடையதை எடுத்தார்.

ஞானிக்கு ஞானியைத் தெரியும். சிவக்குமார் எடுத்த மட்டையின் முகத்தில் ஒரு கீறல் இல்லை. ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள்கூடக் கிழிக்கப்படவில்லை. சிவக்குமாரின் கட்டைவிரலும் அதே இடத்தைத்தான் மூடியிருந்தது.

இருவரும் ஒருவர் விரலை ஒருவர் பார்த்தார்கள்.

"காத்து ஒரு மாதிரி அடிக்குதுங்களே" என்றார் சிவக்குமார்.

"ஆமா சார். இந்தக் காத்துல அடிச்சா ரெண்டு பேருக்கும் மரியாதை இல்லை" என்றார் வெள்ளைச்சாமி.

அவ்வளவுதான். காலை முழுவதும் லாஃப்ட், ஷாஃப்ட் என்று பேசித் தீர்த்தார்கள். பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. மதியச் சாப்பாட்டில் சம்பந்தம் முடிவானது. "உங்கப்பா மாதிரி குணமான மனுசனை நான் பாத்ததில்லம்மா" என்றார் சிவக்குமார்.

அக்கா சந்தோஷப்பட்டாள், இரண்டு மாதம். பிறகு விஷயம் விளங்கியது. இப்போது இரண்டு ஞானிகள் சேர்ந்து கல்யாண மண்டபம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். வடலூர் மண்டபத்தில் மேடை உயரம். பண்ருட்டியில் பந்தியில் காற்றோட்டம் போதாது. கடலூரைப் பற்றி இன்னும் இரண்டு வீடியோ பார்க்க வேண்டும். ஒரு முகூர்த்தம் போயேவிட்டது.

கடைசியில் பேச்சியம்மாள் பஸ் ஏறி வடலூர் போய், முதலில் கண்ணில் பட்ட மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தார்.

"மேடையோட உயரம் கேட்டியா?" என்றார் வெள்ளைச்சாமி.

"ஏறி நின்னு பாத்தேன். நிக்க முடியுது."

கல்யாணம் நன்றாக நடந்தது. இதைப் படித்துவிட்டு உங்கள் மாமா, உங்கள் மேனேஜர் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துச் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். அப்படியே இந்தக் கதையை நாலு பேருக்கு அனுப்பிவையுங்கள். எந்த குரூப்பில் போடலாம், காலையில் அனுப்பினால் படிப்பார்களா, இரவிலா, மேலே என்ன எழுதி அனுப்பலாம் என்று யோசிக்கிறீர்களா?

அப்படியானால் முதலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பிக்கொள்ளுங்கள்.