உமித் தொட்டி

கல்யாணப் புடவை எடுக்கச் சேத்துப்பட்டிலிருந்து வருகிறவர்கள் ஆரணிக்குள் வந்துவிட்டதாகப் போன் செய்தபோது, சுப்பராயலு கோரைப் பாயின் ஓரத்தை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டு முன்னறைதான் அவருடைய பட்டுக் கடை. மகள் ஹேமலதா கொண்டுவந்த பூனைக்குட்டிக்கு அந்த அறை முழுவதும் கழிப்பறை, அதற்கென்று மணல் நிரப்பி வைத்த பிளாஸ்டிக் தொட்டியைத் தவிர.

மணல் குத்துகிறதோ என்று அரிசி ஆலையிலிருந்து உமி வாங்கிவந்து கொட்டினார். குட்டி அதில் சுகமாகத் தூங்கியது. எழுப்பி, முன்னங்கால்களைப் பிடித்து, "இப்டி தோண்டணும் கண்ணு" என்று சொல்லிக்கொடுத்தார். உமி பறந்து அவர் தலையிலும், பிரித்து வைத்திருந்த பட்டிலும் ஒட்டியது. குட்டி நேராகப் பாய்க்குப் போய் வேலையை முடித்தது.

வாசலில் கார் நின்றது. குட்டியையும் தொட்டியையும் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டு, கைநிறையச் சாம்பிராணியை அள்ளித் தணலில் போட்டார்.

வீரபாகுவும் மனைவி பொன்னியம்மாளும் இருமிக்கொண்டே உட்கார்ந்தார்கள். அவர்களோடு வந்த மருமகள் சசிகலாவின் குழந்தை புகையில் அலற, முகம் கழுவ அவள் அதை உள்ளே தூக்கிப் போனாள்.

புகை அடங்கியதும் நாற்றம் எழுந்தது.

"என்னாங்க இது வாசன?" என்றார் வீரபாகு.

"புதுச் சாயங்க." சொன்ன பிறகுதான் சுப்பராயலுவுக்கு உறைத்தது.

பொன்னியம்மாள் மடியிலிருந்த அரக்குப் புடவையை மெல்லக் கீழே வைத்தார். "சாயமே இப்டி நாறுச்சுன்னா, இதக் கட்டிகினு பொண்ணு எப்டிங்க மணவறையில உக்காரும்?"

அப்பா காலத்திலிருந்து நல்ல பெயர் எடுத்த கடை. அதைக் கெடுக்கச் சுப்பராயலுவுக்கு மனம் வரவில்லை. தரையைப் பார்த்தபடியே குட்டி, மணல், உமி, இப்போது சொன்ன பொய் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்பவில்லை போலிருந்தது. உள்ளே போய், சாட்சிக்கு அந்தத் தொட்டியையே தூக்கிவந்தார்.

கொண்டுவந்து வைத்தபோதுதான் உள்ளே பார்த்தார். உமியின் நட்டநடுவில் இருந்தது.

"போயிருக்குங்க," என்றார். "சரியான எடத்துல போயிருக்கு."

தொட்டியை வீரபாகுவின் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார். காலடியில் வந்து நின்ற குட்டியை அள்ளி, நெற்றியில் முத்தமிட்டார். வீரபாகு சிரித்துவிட்டார். பொன்னியம்மாள்கூட அரக்குப் புடவையை மறுபடியும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

உள்வாசலில், இடுப்பில் குழந்தையோடு சசிகலா தலை நிமிராமல் நின்றாள்.

"அது பூன போனது இல்லீங்க," என்றாள். "எங்க பாப்பா."