புத்தகத்துக்கு முந்திய படம்

எழுத்தாளர்களில் ஒரு வகை உண்டு. இவர்களுக்குப் படம் முதலில், புத்தகம் பிறகு. சில சமயம் பிறகும் இல்லை.

லோவெச் ஊர்த் தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் மெத்தோதி இதில் முதல் தரம். மைத்துனனின் காமிராவை இரவல் வாங்கி, சுவரில் கறுப்புத் துணி கட்டி, மனைவி ராடா மாவு பிசைந்துகொண்டிருந்த மேசையைப் பிடுங்கி, தான் படித்திராத எட்டுப் புத்தகங்களை அதில் அடுக்கி, மோவாயில் கைவைத்து, மனித குலத்தின் துயரம் முழுவதையும் பார்த்துவிட்டவர்போல ஒரு பார்வை பார்த்து, காமிராவைத் தூரத்திலிருந்து இயக்கும் குழாயின் முனையிலிருந்த ரப்பர் குமிழைக் கால் கட்டைவிரலால் மிதித்தார். பதினாறு தடவை மிதித்தார்.

"கொஞ்சம் சிரிச்சாதான் என்னங்க?" என்றாள் ராடா.

"சிரிக்கிறவனை எவன்டி எழுத்தாளன்னு நம்புவான்?"

படம் பிரமாதமாக வந்தது. நாவல் நாலாம் பக்கத்தில் நின்றது. அதற்காக ஊருக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? நடுவில் படம், கீழே கொட்டை எழுத்தில் பெயர், அதற்கும் கீழே பொடி எழுத்தில் 'இவரது நாவல் விரைவில்'. கம்பீரத்துக்குச் சுற்றிலும் கறுப்புக் கரை. அச்சடித்து வாசற்கதவிலும் தெரு மரங்களிலும் ஒட்டினார். கறுப்புக் கரை போட்ட படம் கதவில் ஏறினால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று லோவெச்சில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தன் மூக்கழகில் மயங்கியிருந்தவருக்கு மட்டும் அது தோன்றவில்லை.

காலையில் பக்கத்து வீட்டு ஸ்தோயங்கா, செத்தவருக்குப் படைக்கும் அவித்த கோதுமையோடு அழுதுகொண்டே வந்தாள். பின்னாலேயே தபால் அதிகாரி, பூவோடு. ராடா வாயைத் திறப்பதற்குள், சமையலறைக் கதவிடுக்கிலிருந்து மெத்தோதி சாடை காட்டினார்: சும்மா இரு! தன்னை எழுத்தாளன் என்று ஊர் ஒரே ஒரு தடவை சொல்லிக் கேட்டுவிட வேண்டும் அவருக்கு.

"தங்கமான மனுஷன். அவர் குத்தின முத்திரையில மை தெறிச்சதே கிடையாது," என்றார் அதிகாரி.

ராடாவுக்கே பாவமாக இருந்தது. "நாவல்கூட எழுதிட்டிருந்தாரு," என்று எடுத்துக் கொடுத்தாள்.

"நாவலா?" ஸ்தோயங்கா கண்ணைத் துடைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். "நம்ம எல்லாரையும் உக்காத்தி வச்சுப் படிச்சுக் காட்டியிருப்பாரேம்மா! ஆண்டவன் பெரியவன்."

சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. கோதுமைத் தட்டு தரையில் விழுந்தது. அதிகாரி நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

அந்த அவமானத்தில் அன்றே ஐந்தாம் பக்கம் எழுதியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? மைத்துனனிடம் மறுபடி காமிரா கேட்டார். இந்த முறை பக்கவாட்டு முகம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. இன்னும் ஒரு வரிகூட எழுதாத உங்கள் புத்தகத்துக்கு முன்னுரை யாரிடம் வாங்கலாம் என்று போன வாரம்தானே யோசித்துக்கொண்டிருந்தீர்கள்?