சுண்ணாம்பு பூசிய வாக்குறுதி

இந்தக் கதையைக் கேட்பவர் முதலில் மூன்று செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, பெயிண்டர் வீட்டு மதிற்சுவர் தெருமுனைக்கு நேர் எதிரே பதினெட்டு அடி நீளத்துக்கு நின்றது. பேருந்திலிருந்து இறங்குபவர் எவரும் அதைப் படிக்காமல் தப்ப முடியாது. அந்தச் சுவரும் அதற்குப் பின்னால் இருந்த வீடும் அவருடைய மனைவியின் பெயரில் இருந்தன. இரண்டாவது, சென்ற தேர்தலின்போது பெயிண்டர் தம் கட்சிக்காக, தம் கையாலேயே, சிவப்பு எனாமலில் அந்தச் சுவரில் இரண்டு வரிகள் எழுதியிருந்தார். மேல்வரி: ‘பெரும் பணக்காரருக்குப் பெரிய வரி.’ கீழ்வரி: ‘சொன்னதைச் செய்வோம்.’ மூன்றாவது தொழில் சார்ந்தது. எனாமல் பூசிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் அதன்மேல் சுண்ணாம்பு அடித்தால், சுண்ணாம்பு ஒட்டியதுபோல நடிக்குமே தவிர ஒட்டாது. தண்ணீர் பட்டால் நடிப்பு கலைந்துவிடும். இது பெயிண்டருக்குத் தெரியும். தம்மோடு இருபத்திரண்டு ஆண்டுகள் குடித்தனம் நடத்தியவருக்கும் தெரியும் என்பதைத்தான் அவர் மறந்துபோனார்.

இனிக் கதை.

கட்சி வென்றது. ஒன்றரை ஆண்டு கழிந்தது. சோப்பின் மீதான வரி ஏறியது. சொந்தமாக உல்லாசப் படகு வைத்திருப்போரின் வரி இறங்கியது. பெயிண்டர் வாழ்ந்த ஊரில் குளியலறை வாளியைத் தவிரப் படகு விடுவதற்கு வேறு நீர்நிலை கிடையாது.

பெயிண்டரின் மனைவி மளிகைக் கடையில் கல்லாவில் உட்காருபவர். தெரு முழுவதும் அவரைக் கல்லா அக்கா என்றே அழைத்தது. விலை ஏறினால் ஏற்றியவரை யாரும் பார்ப்பதில்லை. கல்லாவில் இருப்பவரைத்தான் பார்க்கிறார்கள்.

“இன்னிக்கு மட்டும் பதினேழு பேர் கேட்டுட்டாங்க. ‘கல்லா அக்கா, பணக்காரங்க வரி என்னாச்சு?’ன்னு. நான் என்னங்க சொல்றது?”

“கட்சி பரிசீலிக்குதுன்னு சொல்லு.”

“சோப்பு விலையை ஏத்த எத்தனை நாள் பரிசீலிச்சாங்க?”

“அது அவசரம்.”

“நம்ம அழுக்கு அவசரம். அவங்க படகு அவசரம். அவங்க வரி கட்டுறது மட்டும் ஆற அமர!”

“ஆட்சின்னா ஆயிரம் நெளிவு சுளிவு இருக்கும். உனக்குப் புரியாது.”

“நாப்பத்திரண்டு வீட்டுப் படி ஏறினவ நான். உங்க தலைவர் இல்ல. ‘என் முகத்துக்காகப் போடுங்க’ன்னு ஓட்டுக் கேட்டேன். அதே முகத்தோடதான் இப்ப கல்லாவுல உட்கார்ந்திருக்கேன். அதுக்கு மாத்து முகம் உங்க கட்சி ஆபீஸ்ல கிடைக்குமா?”

பெயிண்டர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். அவருக்கு மனைவி சொன்னது நியாயமாகவே பட்டது. ஆனால் ஒரு பதவிக்காக இருபது ஆண்டுகளாகக் காத்திருப்பவருக்கு நியாயம் என்பது வாடகை தராத விருந்தாளி. உள்ளே வரலாம், தங்க முடியாது.

வியாழக்கிழமை கட்சியின் வட்டச் செயலாளர் வந்தார். தோளில் ஒரு சுண்ணாம்பு மூட்டை.

“அண்ணே, ஞாயித்துக்கிழமை காலையில நம்ம சட்டமன்ற உறுப்பினர் இந்தத் தெருவுக்கு வர்றார். அந்தச் சுவரை என்ன பண்ணலாம்?”

“ஏன், எழுத்து நல்லாத்தானே இருக்கு?”

“அதுதான் தொல்லை. ஒன்றரை வருஷம் வெயில், மழை. ஒரு கால், ஒரு கொம்பு உதிரலையே! அதை அழிச்சுட்டு ‘வளர்ச்சியே எங்கள் மூச்சு’ன்னு எழுதிடுங்க. உறுப்பினர் அது முன்னாடி நின்னு படம் எடுத்துக்குவார். சுவர் விளம்பரப் பொறுப்பாளர் பதவி உங்களுக்குத்தான். வட்டத்துல உள்ள அத்தனை சுவரும் உங்க கையில.”

“வீட்ல ஒத்துக்க மாட்டாளே.”

“கட்சியா, வீடா, அண்ணே?”

வீட்டின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதை அறிந்த எவரும் இந்தக் கேள்வியை அவ்வளவு உரக்கக் கேட்கமாட்டார்கள். பெயிண்டர் அவசரமாகச் சன்னலைச் சாத்தினார். கொஞ்சம் தாமதமாகச் சாத்தினார் என்பது பின்னால் தெரியவரும்.

மனைவிக்குத் தெரியாமல் பதினெட்டு அடிச் சுவரை வெள்ளையாக்குவது எப்படி? இரவெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அதிர்ஷ்டம் தானாக நடந்து வந்து அவர் எதிரே நின்றது.

“நாளைக்கு லீவு போட்டிருக்கேங்க. அக்கா வீட்டுக்குப் போய்ட்டு நாலு மணிக்குத்தான் வருவேன்.”

“தாராளமாப் போய்ட்டு வாம்மா! உனக்கும் ஒரு மாறுதல் வேணாமா?”

“நீங்க என்ன பண்ணுவீங்க?”

“நானா? சும்மாத்தான் இருப்பேன்.”

“அது தெரியும். அதுக்கப்புறம்?”

சனிக்கிழமை கிளம்புமுன் மனைவி வீட்டிலிருந்த பதினொரு வெள்ளைப் படுக்கை விரிப்புகளையும் துவைத்து, மதிலை ஒட்டிய கொடியில் வரிசையாக உலர்த்தினார். “காத்து இந்தப் பக்கமா அடிக்குது. தூசி பறக்கிற வேலை எதையும் வெச்சுக்காதீங்க” என்றார்.

“நான் எதுக்குத் தூசி கிளப்பப் போறேன்!”

மனைவி தெருமுனை தாண்டியதும் பெயிண்டர் உப்புத்தாளை எடுத்தார். ஒரு தேய்ப்புத்தான் தேய்த்தார். சிவப்புத் தூள் கிளம்பி, விரிப்புகளை நோக்கிப் புறப்பட்டது. பதினொரு வெள்ளைச் சாட்சிகள் காற்றில் ஆடின. மேலே எனாமலையே பூசலாமென்றால், அது காய ஒன்றரை நாளாகும். அவர் உப்புத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ‘ஒரு படம் எடுக்கிற நேரம் தாங்கினால் போதும், அடுத்த வாரம் முறையாகச் செய்துகொள்ளலாம்’ என்று தமக்குத்தாமே ஒரு வாக்குறுதி கொடுத்தார். கட்சியில் இருபது ஆண்டுகள் இருந்தவர் அல்லவா?

சுண்ணாம்பு இரண்டு கை அடித்தார். காய்ந்ததும் நீல நிறத் தண்ணீர்ப் பெயிண்டில் வளர்ச்சியையும் மூச்சையும் எழுதினார்.

நாலு மணிக்கு மனைவி வந்தார். சுவரைப் பார்த்தார். பெயிண்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லா வெள்ளையா இருக்கு.”

“கோபமில்லையே?”

“எதுக்கு? வீடுன்னா அப்பப்ப வெள்ளை அடிக்க வேண்டியதுதானே? அடியில மட்டும் வெறிச்சுனு இருக்கு. நாளைக்கு ஒரு பூச்செடி வைக்கலாமாங்க?”

பெயிண்டர் உருகிப்போனார். அந்த உருக்கத்திலேயே ஓடிப்போய் வட்டச் செயலாளரிடம் சொன்னார். செயலாளர் துள்ளிக்கொண்டு அவருடனே வந்துவிட்டார். “பிரமாதம்! உறுப்பினரே தண்ணி ஊத்துற மாதிரி ஒரு படம்! பசுமைக்குப் பசுமை, வளர்ச்சிக்கு வளர்ச்சி!”

“தண்ணியா?” பெயிண்டர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். “ஒரு குவளை போதும்ணே.”

“குவளையில ஊத்தினா படத்துல எடுபடாது. ஹோஸ் இல்லையா?”

“இருக்கே” என்றார் மனைவி, வாசலிலிருந்து. “புதுசு.”

ஞாயிற்றுக்கிழமை நாற்பத்திரண்டு வீடுகளும் தெருவுக்கு வந்துவிட்டன. கட்சியின் செல்வாக்கு இன்னும் குறையவில்லை என்று பெயிண்டர் நினைத்துக்கொண்டார். உறுப்பினர் வெள்ளை உடையில் இறங்கிக் கைகூப்பினார்.

“ஐயா, ஒரு சந்தேகம்” என்றார் மனைவி. “பெரும் பணக்காரங்களுக்கு வரி போடுவோம்னு சொன்னீங்களே?”

“சகோதரி, அதுக்குச் சூழல் கனியணும்.”

“சோப்பை மட்டும் காயாவே பறிச்சுட்டீங்களே?”

கூட்டம் சிரித்தது. செயலாளர் பதறி, “படம்! முதல்ல படம்!” என்று ஹோஸை உறுப்பினர் கையில் திணித்தார்.

பெயிண்டர் பாய்ந்தார். “ஐயா, வேண்டாம்! சின்னச் செடி. தண்ணி அதிகமானா அழுகிடும்.”

“நீங்க என்னண்ணே, செடி டாக்டரா? நகருங்க” என்றார் செயலாளர்.

ஒரே ஒரு வாக்கியம் அந்தக் காலையைக் காப்பாற்றியிருக்கும்: ‘நான் உப்புத்தாள் போடவில்லை.’ ஆனால் வாடிக்கையாளர்களான நாற்பத்திரண்டு வீட்டாரும் சூழ்ந்திருக்கையில் எந்தப் பெயிண்டராலும் சொல்ல முடியாத வாக்கியமும் அதுவே.

தண்ணீர் செடியில் விழுந்தது, சுவரில் தெறித்தது. மூச்சு முதலில் போயிற்று. நீலம் வழிந்தது, வெள்ளை பாளம் பாளமாகச் சரிந்தது, சிவப்பில் கீழ்வரி எழுந்தது: ‘சொன்னதைச் செய்வோம்.’

உறுப்பினர் உற்றுப் பார்த்தார். “அட, நல்லாயிருக்கே! யார் எழுதினது?”

“தண்ணி பத்தல போலிருக்கு ஐயா” என்று சொல்லி, குழாயடியில் நின்ற மனைவி குழாயை முழுவதும் திறந்தார்.

ஹோஸ் உறுப்பினரின் கையிலேயே துள்ளியது. அவர் அடக்க முயன்றார். அடக்க அடக்க அது மேலே போயிற்று. இடமிருந்து வலமாக, ஒரு சொல் விடாமல், மேல்வரி துலங்கியது. படம் எடுப்பவர் தம் கடமையிலிருந்து ஒரு கணமும் தவறவில்லை.

“பெரும் பணக்காரருக்குப் பெரிய வரி!” என்று எதிர்வீட்டுத் தையற்கார அம்மா உரக்கப் படித்தார். “அக்கா, ஐயாவே கழுவிக் காட்டிட்டார்!”

“என்னய்யா வேலை பார்த்திருக்கீங்க?” என்று செயலாளர் பெயிண்டரிடம் சீறினார்.

“அவர் வேலையைக் குறை சொல்லாதீங்க” என்றார் மனைவி. “எனாமலைப் பாருங்க. ஒரு கால், ஒரு கொம்பு உதிர்ந்திருக்கா?”

பெயிண்டருக்கு வியாழக்கிழமைச் சன்னல் நினைவுக்கு வந்தது.

மனைவி உறுப்பினர் பக்கம் திரும்பினார். “ஐயா, இது என் சுவர். நான் கேட்டு வாங்கிக் கொடுத்த ஓட்டு. அந்த வரி வர்ற அன்னிக்கு நானே முன்னால நின்னு அழிக்கச் சொல்றேன். அதுவரைக்கும் இது இங்கேதான் இருக்கும். மறுபடி வெள்ளை அடிச்சா, மறுபடி கழுவுவோம்.”

நாற்பத்திரண்டு வீடுகளும் கைதட்டின.

பின்னர் உறுதியானவை இவை.

உறுப்பினர் அதன்பின் அந்தத் தெரு வழியே சென்றதில்லை. சுவர் விளம்பரப் பொறுப்பாளர் பதவி, பிரஷ்ஷை எந்தப் பக்கம் பிடிப்பதென்று அறியாத ஒருவருக்குப் போயிற்று. வரி இன்னும் வரவில்லை. சோப்பு விலையும் இறங்கவில்லை. செடி அழுகவில்லை, எழுத்தை மறைக்கும் அளவுக்கு வளர அதற்கு அனுமதியும் இல்லை. கல்லாவில் இப்போது கேள்வி கேட்பவர் இல்லை. எப்போது திரண்டு போவது என்று நாள் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாற்பத்திரண்டு வீட்டாரும் தத்தம் சுவரில் அதே மேல்வரியை எழுதச் சொன்னார்கள். கீழ்வரியை மட்டும் ‘சொன்னதைச் செய்யுங்கள்’ என்று மாற்றிக்கொண்டார்கள். எழுதுபவர் பெயிண்டர். ஒவ்வொரு சுவரிலும் முதலில் உப்புத்தாள் போடுகிறாரா என்று மேற்பார்வை பார்ப்பவர் அவர் மனைவி.

அந்த வேலைக்கான சிவப்பு எனாமல் டின்கள் ஆறும் திங்கட்கிழமை காலையில் வாசலில் வந்து இறங்கின. அவை என்றைக்கு வாங்கப்பட்டவை என்று கடைக்காரர் மூடியில் சாக்பீஸால் குறித்திருந்தார்: சனிக்கிழமை.