கணக்கப்பிள்ளையின் நெருப்புப்பெட்டி

எண்பத்தாறாம் வருஷம், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்த சோலைமலை ஒரு சபதம் எடுத்தார். தலையே போனாலும் சரி, கண்டிக்குப் போவதில்லை.

விஷயம் இதுதான். அவருடைய அண்ணன் மாயாண்டி குடலில் புற்றுநோய் வந்து ஐம்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தார். சோலைமலைக்கு இப்போது ஐம்பது. தோட்டத்து மருந்துச்சாலையைப் பார்க்கிற டிஸ்பென்சர் ஞானரட்ணம் அவரைக் கூப்பிட்டு ஒரு காலி நெருப்புப்பெட்டியைக் கையில் வைத்தார்.

"மூணு நாளைக்கு இறைச்சி, முள்ளங்கி தொடாதீங்க. நாலாம் நாள் காலையில வெளிக்குப் போறதுல கொஞ்சம் இதுல எடுத்தாங்க. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கான்னு டவுன் ஆஸ்பத்திரியில பாப்பாங்க."

"எனக்கு ஒரு நோவும் இல்லீங்களே!"

"நோவு வாறதுக்கு முந்திப் பாக்கத்தான் சொல்றேன். உங்கண்ணன் நோவு வந்த பொறகு வந்தாரு. நான் என்னா பண்ண முடிஞ்சிச்சு?"

"ரத்தம் இருந்துச்சுன்னா?"

"கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவேன். பின்னால குழாய் விட்டுப் பாப்பாங்க."

போச்சு! நூறு பெண்களுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொழுந்து நிறுவை எழுதுகிற மனுஷனுக்குக் குழாயா? அன்றைக்கிலிருந்து அவர் பெஞ்சில் உட்காருவதே ஓரமாகத்தான்.

வீட்டில் பூரணி விடுவாளா? முப்பது வருஷம் கொழுந்து பறித்த கை. அந்தக் கையால் மூன்று நாளும் கீரையாகவே ஆக்கிப் போட்டாள்.

"இந்தாங்க, இன்னைக்கும் வல்லாரைதான்."

"நான் என்ன ஆடாடி?"

"ஆடு சாராயம் குடிக்காது, பீடி இழுக்காது. அதோட போயி உங்கள சேக்கிறீங்களே!"

"அந்தப் பெட்டியத் தூக்கிட்டுப் போக எனக்கு வெக்கமா இருக்கு பூரணி."

"அம்புட்டுத்தானே? நானும் ஒரு பெட்டி குடுக்கிறேன். நானே ரெண்டையும் டிஸ்பென்சர் ஐயாகிட்ட கொண்டுபோறேன். நீங்க பேரு மட்டும் எழுதிக் குடுங்க."

சோலைமலைக்கு அந்த நிமிஷமே மூளையில் விளக்கு எரிந்தது. பூரணிக்கு எழுத்து வாசனையே கிடையாது. மலை ஏறி இறங்குகிற உடம்பு. தலைவலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. அவள் பெட்டியில் தன் பேர், தன் பெட்டியில் அவள் பேர். தீர்ந்தது வேலை! தன் பெட்டியில் ரத்தம் இருந்தால் அவளைத்தானே கண்டிக்கு அனுப்புவார்கள் என்பதை மனுஷன் யோசிக்கவே இல்லை. பயத்தில் அவருக்குப் பாதி மூளைதான் வேலை செய்தது.

நாலாம் நாள் காலை, அழகான கையெழுத்தில் பேர்களை மாற்றி ஒட்டிக் கொடுத்துவிட்டு, பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே, ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனார். சாயங்காலம் இறைச்சிக் கறிக்கும் சொல்லிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஞானரட்ணம் இருவரையும் கூப்பிட்டார். வாசலில் மருந்துக்கு வந்த கூட்டம்.

"பூரணிக்கு ஒண்ணும் இல்ல. உங்களோடதுலதான் ரத்தம் இருக்கு. கண்டிக்குத் துண்டு எழுதித் தாறேன்."

சோலைமலை பூரணியைத் திரும்பிப் பார்த்தார். தன் பேர் ஒட்டிய பெட்டி யாருடையது என்று அவருக்குத்தானே தெரியும்! கடைசி மாசம் அண்ணன் கிடந்த கிடை கண்ணுக்குள் வந்து நின்றது. ஐயோ, இவளுக்கா? இவள் இல்லாமல் அந்த வீட்டில் அவர் என்ன செய்வார்?

"ஐயா, அது என்னோடது இல்ல! இவளோடது! நான்தான் பேர மாத்தி ஒட்டுனேன், மடப்பய! இவள மொதல்ல அனுப்புங்க, இன்னைக்கே அனுப்புங்க!"

குரல் உடைந்து, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாசலில் நின்ற கூட்டம் முழுக்க உள்ளே எட்டிப் பார்த்தது. பூரணிக்கும் கண் கலங்கியது. ஆனால் சிரிப்பும் வந்துவிட்டது.

"அழாதீங்க. என் பெட்டி அடியில நகத்தால ஒரு கீறல் போட்டிருந்தேன். கீறல் உள்ளதுல யாரு பேருன்னு அன்னைக்கே ஐயாகிட்ட கேட்டேன். உங்க பேருன்னாரு. அங்கேயே மாத்தி ஒட்டச் சொல்லிட்டேன்."

"கீறலா? எதுக்குடி கீறுன?"

"கொழுந்துச் சாக்குல அடையாளம் வைக்காம நான் என்னைக்காவது நிறுவைக்கு வந்திருக்கேனா? பென்சிலு புடிக்கிறவங்கள நம்பி நாங்க எப்புடிங்க பொழைக்கிறது?"

அப்பாடா, இவளுக்கு இல்லை! சோலைமலை கண்ணைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகுதான், அப்படியானால் அந்த ரத்தம் யாருடையது என்பது அவருக்கு உறைத்தது.

கண்டியில் குழாய் விட்டார்கள். கடலைப் பருப்பு அளவு சதை ஒன்று இருந்தது. அறுத்து எடுத்துவிட்டார்கள்.

"விட்டிருந்தா நாளைக்கு இதுவே புற்றுநோயா மாறியிருக்கும்" என்றார் அங்கேயிருந்த டாக்டர். "இப்ப பயமில்ல. ஆனா சொல்ற நேரத்துக்குத் திரும்ப வந்து காட்டணும். சாராயம், பீடி ரெண்டையும் விடுங்க. இறைச்சியக் கொறச்சு நல்லா கீரை சாப்பிடுங்க."

"அத நான் பாத்துக்கிறேங்க" என்றாள் பூரணி.

ஊர் திரும்பிய மறுநாள் சோலைமலை பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, பழையபடி நெஞ்சை நிமிர்த்தி நிறுவைக்கு வந்து நின்றார். முதல் ஆளாக வந்த வீரம்மா சாக்கைத் தராசில் மாட்டிவிட்டு, மலைக்கே கேட்கிற குரலில் சொன்னாள்:

"கணக்கப்புள்ள ஐயா, பேரு பாத்து எழுதுங்க. எனக்குக் கண்டிக்குப் போக நேரமில்ல!"