செய்து காட்டியவர்

பாதுகாப்பு அதிகாரியின் இடது கால் விரல்கள் மேல் சரக்கு ஏற்றும் பேட்டரி பேலட் வண்டி ஏறி நின்றிருந்தது. கிடங்கே வாய் பிளந்து பார்த்தது.

"ஐயோ சார், கால்!" அலறினான் வண்டி ஓட்டிய சுருட்டை. "நீங்கதானே வா, வான்னு கையாட்டினீங்க!"

இரும்பு முனை ஷூ இல்லாதவன் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு போட்டவரே அவர்தான். ஆனால் இன்று முதலாளி கிளை கிளையாகச் சுற்றி வருகிறார்; போட்டோ எடுப்பார்கள். அதனால் பளபளவென்று மெல்லிய தோல் ஷூ. விபத்தே நடக்காத கிளையின் அதிகாரிக்குக் கோப்பை, கூடவே தலைமை அலுவலகத்தில் பதவி. கோப்பை வைக்க வீட்டில் டிவியைக்கூட நகர்த்தியாயிற்று.

அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"கத்தாதடா, வண்டியைப் பின்னால எடு. வேணும்னேதான் காலை வச்சேன். பார்த்தீங்களாப்பா? இப்படி நின்னா இப்படித்தான் ஏறும். இதுக்குப் பேரு செயல்முறை விளக்கம்!"

"அடேங்கப்பா!" கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

அந்தச் சத்தத்தில்தான் முதலாளி உள்ளே நுழைந்தார். "என்னய்யா, நான் வர்றதுக்குள்ள முடிச்சிட்டீங்களா? எங்கே, இன்னொரு தடவை!"

"சார், அது வந்து..."

"ஏன், எனக்கு மட்டும் கிடையாதா?"

அதிகாரி, மிச்சமிருந்த நல்ல காலை நீட்டினார்.

"வேணாம் சார்," கெஞ்சினான் சுருட்டை.

"ஏத்துடா! மெதுவா... மெதுவாடா பாவி!"

ஏறியது. விசில் பறந்தது. அதிகாரி அட்டைப்பெட்டிகள் மேல் சரிந்தார். ஓடிவந்து தூக்கினார்கள்.

"இது... அடிபட்டவரைத் தூக்குவது எப்படி..." என்றார் மூச்சு வாங்க.

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன ஒரு ஈடுபாடு! அப்படியே ஆம்புலன்ஸ்ல ஏத்தறதையும் காட்டிடுங்க!"

அதையும் காட்டினார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு காலுக்கும் மாவுக்கட்டு. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க, உங்களுக்கு இதெல்லாம் தேவையா?"

"சும்மா இருடி. ஆம்புலன்ஸே வந்துட்டுப் போச்சு, விபத்துன்னு ஒருத்தன் வாயைத் திறந்தானா? கோப்பை நமக்குத்தான்!"

கட்டிலைத் தள்ள வந்த நர்ஸ் கேட்டாள்: "விபத்தா சார்?"

"விபத்தே இல்லம்மா. செஞ்சு காட்டினேன்."

"அப்ப கடைசி வார்டு. உங்க கம்பெனியோட மத்த கிளை பாதுகாப்பு அதிகாரிங்க எல்லாரும் அங்கதான் படுத்திருக்காங்க. அவங்களும் செஞ்சுதான் காட்டினாங்களாம்!"